வன்னி வீதியில் உண்ட சோறு

பசித்தவனுக்கு எந்தச் சோறும் அமிர்தமே. இது பெரிய உண்மை. இதனாலேயே, நெடும்பசியோடு பஸ்ஸை விட்டு இறங்கியவன் ஒரு சாப்பாட்டுக் கடையைப் பற்றிச் சொல்லும் சாட்சி செல்லாது. வயிறு நிறைந்தவன் சாட்சியும் அப்படியே. அவனுக்கு அமிர்தமும் கசக்கும். வேளைக்குப் பசித்து, வேளைக்கு உண்டு, மறுநாளும் அதே வாங்கில் வந்து அமரத் துணிபவன் எவனோ, அவனே உணவுக்கு நடுவனாக இருக்கத் தக்கவன்.

கல்லூரி அலுவல்களின் பொருட்டு யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு ஆகிய ஊர்களுக்குப் பல ஆண்டுகளாகப் போய்வருகிறேன். கட்டுச்சோறு கொண்டு பிரயாணம் செய்யும் வழக்கம் நம்மவரிடையே அருகிவிட்டது. ஆகவே வழியில் கிடைப்பதை உண்டே வழியைக் கடக்க வேண்டும். அவ்வாறு உண்ட அனுபவத்தில், வன்னிப் பெருநிலப்பரப்பின் சாதாரணச் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி என் மனத்தில் பட்டவற்றை ஒளிக்காமல் இங்கே எழுதுகிறேன்.

நான் வைத்துக்கொண்ட விதிகள் மூன்று. முதலாவது, பெயர்ப்பலகை, கண்ணாடிக் கதவு, குளிரூட்டி, பரிமாறுபவரின் புன்னகை ஆகிய எதற்கும் மதிப்பெண் இல்லை. இரண்டாவது, கடையின் பெருமைக்குரிய விசேட பதார்த்தத்தைக் கேட்பதில்லை. அங்கே அன்றாடம் யாவரும் உண்பதையே உண்பது. சோறும் பருப்பும் சம்பலும் சரியாக அமையாத கடையில் மற்றவை எவ்வளவு இருந்தும் பயனில்லை. மூன்றாவது, ஒரு முறை உண்டு தீர்ப்புச் சொல்வதில்லை. அடுப்புக்கும் தலைவலி வரும் நாள் உண்டு.

குறை சொல்ல நேர்ந்த கடைகளின் பெயரை எழுதவில்லை. பெயரைச் சொல்லிப் பிழைப்பைக் கெடுப்பது என் நோக்கமன்று. குறை எதுவென்று தெரிந்தால் போதும். அதைத் திருத்துவது அவரவர் கையில்.

வவுனியா: மூன்று வீட்டுச் சமையல்

தெற்கிலிருந்து வருபவர்க்கு வன்னியின் வாசல் வவுனியா. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே கடைவீதியில் புழங்கும் நகரம் இது. ஆகையால் காலை ஆறு மணிக்கே மூன்று வீட்டுச் சமையலின் வாசனை ஒரே தெருவில் எழும். ஒருபுறம் தோசைக்கல், இன்னொருபுறம் ரொட்டித் தட்டு, அதற்கப்பால் பாற்சோற்றுத் துண்டுகளும், மிளகாயும் வெங்காயமும் உப்பும் இடித்த சம்பலும். இந்த மூன்றையும் வெவ்வேறு நாள்களில் உண்டிருக்கிறேன். பாற்சோறும் இடித்த சம்பலும் பொருந்துவது போலச் சில உறவுகள்தாம் பொருந்தும். தேங்காய்ப் பாலில் வெந்த சோற்றின் மென்மையும் சம்பலின் உறைப்பும் ஒன்றையொன்று தேடிக்கொள்கின்றன.

தோசையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் நாட்டுத் தோசை மாவில் வெந்தயம் சேரும். சிறிது மஞ்சள் சேரும். வெங்காயமும் செத்தல் மிளகாயும் பெருஞ்சீரகமும் தாளித்துக் கொட்டுவார்கள். தடிப்பாகவும் மெதுவாகவும் இருக்கும். இடித்த சம்பலோடு உண்ணும்போது கை மணக்கும். இப்போதோ பல கடைகள் சென்னைத் தோசையைப் பார்த்து, காகிதம் போல முறுகிய நீண்ட சுருளைத் தட்டுக்கு வெளியே நீட்டி வைக்கின்றன. முறுகலுக்கு நான் விரோதியல்லன். ஆனால் மா புளித்த பதமும் உழுந்தின் சுவையும் இல்லாமல், எண்ணெயின் முறுகல் மட்டும் இருந்தால் அதைத் தோசை என்பதா, அப்பளம் என்பதா? வவுனியாவின் பழைய சிறு கடைகள் இரண்டொன்றில் நம் தோசை இன்னும் வாழ்கிறது. அவற்றின் சுவர் புகையால் கறுத்திருக்கிறது, தோசை பொன்னிறமாயிருக்கிறது. என் விதிப்படி சுவருக்கு மதிப்பெண் இல்லை.

உழுந்துக்கு இந்த மண்ணில் பஞ்சமில்லை. இலங்கையில் உழுந்து மிகுதியாக விளையும் இடங்களில் வவுனியாவும் ஒன்று. மாரி மழையை நம்பி மேட்டு நிலங்களில் விதைக்கிறார்கள். ஆகவே உழுந்து வடை இங்கே நன்றாயிருக்க வேண்டியது நியாயம். பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. எண்ணெய்ச் சட்டியிலிருந்து எடுத்த பத்து நிமிடத்துக்குள் உண்டால் வெளியே மொறுமொறுப்பும் உள்ளே பஞ்சும் சேர்ந்திருக்கும். ஆனால் உழுந்து விலை ஏறும் காலங்களில் சில கடைகளின் வடையில் கோதுமை மா கலக்கிறது. அந்த வடையைப் பிட்டால் இழுபடும்; ஆறினால் இரப்பராகும். விலையை ஐந்து ரூபா கூட்டி உண்மையான வடையைத் தந்தால் உண்பவன் முறையிட மாட்டான். விலையைக் கூட்டாமல் வடையை மாற்றுவதே வஞ்சனை.

கண்ணாடிப் பெட்டிச் சிற்றுண்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ரோல்ஸ், பற்றீஸ், வாய்ப்பன், சூசியம், மோதகம் என்று அடுக்கியிருப்பார்கள். ஒரே பெட்டியில் ஒரே தட்டில் எல்லாம் வந்து மேசையில் நிற்கும்; தின்றதற்கு மட்டும் காசு. இந்த வழக்கத்தின் வசதி பெரிது. ஆனால் எத்தனை மேசைகளைச் சுற்றி எத்தனையாவது முறையாக அந்த ரோல்ஸ் நம்மிடம் வந்ததோ, அதை அறிவார் யார்? என் ஆலோசனை இதுதான்: வாய்ப்பனையும் சூசியத்தையும் காலையிலும், ரோல்ஸை மாலை நான்கு மணிக்கும் உண்ணுங்கள். அவை அடுப்பை விட்டு இறங்கும் வேளை அது.

பஸ் நிற்கும் கடையும் பிள்ளையார் கோவிலடியும்

வவுனியாவிலிருந்து வடக்கே ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று கண்டி வீதி நேராகச் செல்கிறது. இருமருங்கும் காடும் வயலும் குளமும். நெடுந்தூரப் பஸ்கள் உணவுக்கு நிறுத்தும் கடைகள் இந்த வழியில் உண்டு. அவற்றுள் ஒன்றைச் சொல்கிறேன். நடத்துனர், "பதினைந்து நிமிடம்" என்று கூவியதும் ஐம்பது பேர் இறங்குவர். ஐம்பது தட்டுக்கும் சோறு ஏற்கெனவே போடப்பட்டிருக்கும். தட்டின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள். சூடான சோற்றை அதன்மேல் கொட்டினால் எழும் வாசனை சோற்றின் வாசனையன்று. பருப்பு நீராய் ஓடும்; கறியில் மிளகாய்த்தூளின் நிறம் மட்டும் மிதக்கும். சாரதிக்கும் நடத்துனருக்கும் உள்ளறையில் வேறு சாப்பாடு. அது நல்ல சாப்பாடு என்பதை வாசனையால் அறிந்தேன். அந்த அடுப்பில் சமைக்கத் தெரிந்தவர் இருக்கிறார் என்பதற்கு அதுவே சாட்சி. திரும்பி வரத் தேவையில்லாத விருந்தினனுக்கு அந்தச் சமையல் கிடைப்பதில்லை என்பதுதான் துயரம்.

இதற்கு நேர்மாறான ஒன்றை முறிகண்டியில் காணலாம். வீதியோரத்துச் சிறு பிள்ளையார் கோவில். வடக்கே போகும் வாகனமும் தெற்கே வரும் வாகனமும் நின்று, தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்திச் செல்வது நெடுநாள் வழக்கம். அங்கே வரிசையாகக் கச்சான் கடைகள். "முறிகண்டிக் கச்சான்" என்றால் வடக்கில் தெரியாதவர் இல்லை. மணலில் வறுத்த கச்சானைச் சூடு ஆறுமுன் பையில் அளந்து தருவர். கோது உடைக்கும்போது ஒரு சத்தம் கேட்கும், பருப்பில் கசப்பு இராது, கருகலும் இராது. மணலின் சூட்டைக் கையாலறிந்து, இறக்க வேண்டிய கணத்தில் இறக்கும் பழக்கம் அது. கடைக்குக் கூரை தகரம், விளம்பரம் இல்லை. கண்டி வீதியில் வவுனியாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே உள்ள உணவுகளில் எதற்கு முதலிடம் என்று யாராவது என்னைக் கேட்டால், தயங்காமல் இந்தக் கச்சானையே சொல்வேன். முல்லைத்தீவுப் பக்கத்து மணற்பாங்கான தரைகளில் கச்சான் நன்றாக விளைகிறது. விளைந்த இடத்துக்கு அருகில், வறுக்கத் தெரிந்தவர் கையில், உண்ணும் வேளையில் வறுபடுவது: நல்ல உணவுக்கு இந்த மூன்றும் போதும்.

கிளிநொச்சி: நெல்லூரில் சோற்றைத் தேடி

கிளிநொச்சி குளத்தால் பிறந்த ஊர். இரணைமடுக் குளம் 1920களில் உருவாகி, 1930களில் குடியேற்றத் திட்டங்கள் தொடங்கிய பின், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த உழவர் காடு வெட்டிக் கழனியாக்கினர். 1984இல் தனி மாவட்டமாயிற்று. வட மாகாணத்தின் மிகப் பெரிய குளம் இன்றும் இரணைமடுவே. காலபோகத்தில் வீதியின் இருபுறமும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போலிருக்கும்.

இந்த ஊரின் சாப்பாட்டுக் கடைகளுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 2002இல் போர் நிறுத்த உடன்படிக்கையின் பின் கண்டி வீதி திறந்தபோது, நாட்டின் எல்லாத் திசையிலிருந்தும் பிரயாணிகள் இங்கே இறங்கி உண்டனர். அக்காலத்தில் விடுதலைப் புலிகளின் நிர்வாகத்தின் கீழ் இயங்கிய "பாண்டியன் சுவையூற்று" போன்ற உணவகங்களைப் பலர் இன்றும் நினைவு கூர்வர். 2006 ஆகஸ்டில் வீதி மூடப்பட்டது. 2009 ஜனவரி தொடக்கத்தில் இராணுவம் நகருக்குள் புகுந்தபோது, அங்கே அடுப்பெரிக்க ஆளில்லை. ஊர் முழுவதும் இடம்பெயர்ந்துவிட்டது. நீர்த்தாங்கிக் கோபுரமும் விழுந்து கிடந்தது. இன்று நாம் காணும் கடைகள் யாவும் அதன் பின் எழுந்தவை. 2013 செப்டெம்பரில் ரயில் மீண்டும் கிளிநொச்சியை வந்தடைந்தது. அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் அமைந்தன. மாணவர் வந்தால் சாப்பாட்டுக் கடை வரும். இது உலக நியதி.

நண்பகலில் உண்பதற்குக் கிளிநொச்சியில் கடைகள் குறைவில்லை. ஆனால் என் கேள்வி வேறு. நெல் விளையும் ஊரில் சோறு எப்படியிருக்கிறது? பல கடைகளில் வெள்ளை அரிசிச் சோறு. உதிரியாக, வாசனையின்றி, உப்புமின்றி. அறுவடைக் காலத்தில் இந்த ஊரின் நெல் மூட்டைகள் லொறிகளில் ஏறித் தெற்கே ஆலைகளுக்குப் போகின்றன. அரிசி வேறு பொதியில், வேறு பெயரில் திரும்பி வருகிறது. குத்தரிசிச் சோறு கேட்டால், "அது வீட்டிலை சமைக்கிறது" என்ற விடை வரும். குத்தரிசிச் சோற்றின் இனிமையும், கத்தரிக்காய்க் குழம்பை அது உள்வாங்கும் அழகும் வேறு. அதை வீட்டுக்குள் ஒளித்துவைத்து, விருந்தினனுக்கு வெறுஞ்சோற்றைத் தருவானேன்?

இரவானால் ஊர் முழுதும் கொத்து ரொட்டியின் தாளம். இரண்டு தகடுகள் இரும்புக் கல்லில் மோதும் ஓசை கேட்டாலே மாணவருக்குப் பசி கிளம்பும். நன்றாகச் செய்த கொத்தை நான் பழிக்க மாட்டேன். கறிக்குழம்பு ரொட்டியில் ஊறி, வெங்காயமும் கறிவேப்பிலையும் பாதி வெந்தபடி நின்றால் அது நல்ல உணவுதான். ஆனால் பத்துக் கடையில் எட்டுக் கடையில் அது எண்ணெயும் அசினோமோட்டோவும் கலந்த மாப்பிண்டம். மேலும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். இலங்கையில் கோதுமை விளைவதில்லை. முழுவதும் கடல் கடந்து வருவது. குளத்தையும் வயலையும் சுற்றி வைத்துக்கொண்டு, இரவுச் சாப்பாட்டுக்கு அந்நிய நாட்டு வயலை நம்பியிருக்கிறோம்.

இந்தக் குறைக்கு ஒரு விடையைக் கண்ட இடம் "அம்மாச்சி" உணவகம். மாகாண சபைக் காலத்தில் வட மாகாண விவசாயத் துறையினரின் முயற்சியால் தோன்றிய இவ்வுணவகங்கள், வன்னி மாவட்டங்களிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ளன. அம்மாச்சி என்பது தாயின் தாயை அழைக்கும் பெயர். ஊர்ப் பெண்களே குழுவாகச் சேர்ந்து சமைத்து விற்கிறார்கள். நம் கண்முன்னே அப்பம் சுடப்படுகிறது, தோசை வார்க்கப்படுகிறது, குரக்கன் பிட்டு, இடியப்பம், இலைக்கஞ்சி, பழச்சாறு ஆகியவை கிடைக்கின்றன. நாமே வரிசையில் நின்று வாங்கி, நாமே மேசைக்குக் கொண்டுபோக வேண்டும். உணவைப் பற்றி மட்டுமே சொல்வதானால், அடுப்பிலிருந்து நேரே கைக்கு வரும் அப்பத்துக்கு ஈடில்லை. ஓரம் மொறுமொறுப்பாய், நடு மெதுவாய், தேங்காய்ப் பால் இனிப்பது தெரியும்படி இருக்கிறது. இலைக்கஞ்சி உண்ட வயிறு மதியம் வரை முறையிடுவதில்லை.

முல்லைத்தீவு: கடலும் களப்பும்

மாங்குளத்திலிருந்து கிழக்கே திரும்பி ஒட்டுசுட்டான், முள்ளியவளை வழியாகச் சென்றால் முல்லைத்தீவு. பரந்தனிலிருந்து விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாகவும் வரலாம். ஒருபுறம் வங்கக் கடல். உள்ளே நந்திக்கடல் களப்பு. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலையையும், 2009இல் போரின் இறுதி நாள்களையும் கண்ட கரை இது.

இங்கே உணவை மதிப்பிடுவது எளிது. வலை ஏறிய நாளில் உண்டால் எந்தக் கடையும் நல்ல கடை. மதியச் சாப்பாட்டில் புளியும் வறுத்த தூளும் சேர்ந்த மீன் குழம்பு. அதில் மீன் உடையாமல், ஆனால் எலும்பை விட்டு இலேசாகக் கழன்று வரும். நந்திக்கடல் இறால் பருவத்தில் கிடைத்தால், வேறொன்றும் கேளாதீர்கள். இறாலும் முருங்கைக்காயும் போட்ட குழம்பும், ஒரு கரண்டி தேங்காய்ப்பூச் சம்பலும் போதும். வெள்ளிக்கிழமைகளில் நான் மச்சம் உண்பதில்லை. அன்று அதே ஊரில் பூசணிக்காய்க் கறியும் கீரைக் கடையலும் சொதியுமாக உண்டேன். சொதியில் தேசிக்காய்ப் புளி விட்டதும் அடுப்பை அணைக்கத் தெரிந்த கை அது, பால் திரைந்திருக்கவில்லை.

குறையும் உண்டு. கடல் குழம்பிய நாள்களில் சில கடைகள் பழைய மீனை மிளகாய்த்தூளால் மறைக்கப் பார்க்கின்றன. உறைப்பு நாவை ஏமாற்றும், மூக்கை ஏமாற்றாது. "இன்றைக்கு மீன் இல்லை, முட்டைக் கறி உண்டு" என்று சொல்லிய ஒரு சிறு கடைக்காரரிடம் எனக்கு உண்டான மதிப்பு அதிகம். அவர் தந்த முட்டைக் குழம்பை நான் மறக்கவில்லை.

கடையில் கிடையாத வன்னி

இனி, தட்டில் இல்லாதவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். வன்னியின் பெயர்போன உணவுகளில் பாதி இந்த வீதியில் விலைக்குக் கிடையாது. எருமைத் தயிர் கிராமங்களில் முட்டி முட்டியாக உறைகிறது. நகரக் கடையில் பிளாஸ்டிக் கிண்ணத்து யோகட். மாடுகள் வீதியை மறித்துப் படுத்திருக்கும் ஊரில் தேநீர்க்குப் பால்மா. குளங்களில் விராலும், 1950களில் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு நம்மவர் ஜப்பான் மீன் என்று பெயரிட்ட திலாப்பியாவும் துள்ளுகின்றன, கேட்டால், "குளத்து மீனைக் கடையில் யார் சாப்பிடுவார்?" என்கிறார்கள். வைகாசி, ஆனியில் பாலைப்பழம் காடெங்கும் பழுக்கிறது. அதைக் காய்ச்சிய பாணியை ஒரு கடையிலும் நான் கண்டதில்லை. முசுட்டை இலை வறையும் அப்படியே. மான் இறைச்சியும் மரை இறைச்சியும் பழங்கதை. 1937ஆம் ஆண்டின் சட்டமே வன விலங்குகளைக் காக்கிறது, அது காக்கட்டும். தயிரையும் முசுட்டையையும் எந்தச் சட்டம் தடுத்தது?

கடைக்காரர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். குளத்து மீனைச் சேற்று வாடை போகக் கழுவிச் சமைக்க நேரம் வேண்டும். தயிர் இரண்டு நாளில் புளிக்கும், பால்மா புளிப்பதில்லை. 2022இன் பொருளாதார நெருக்கடியில் எரிவாயுவும் பால்மாவும் கிடைக்காமல் பல கடைகள் மூடின. மற்றவை விறகடுப்புக்குத் திரும்பின. ஆனால் அந்த நெருக்கடியே ஒன்றைக் காட்டிற்று. பால்மா இல்லாத அந்த மாதங்களில் வன்னியில் நான் குடித்த பசும்பால் தேநீர்களைப் போல, அதற்கு முன்னும் பின்னும் நான் கடைகளில் குடிக்கவில்லை. தட்டுப்பாடு நீங்கியதும் அவை மறைந்தன. ஆகவே பொருள் இல்லாமலில்லை. பிரயாணி எங்கும் உண்பதையே இங்கும் விரும்புவான் என்ற எண்ணமே தடை. பிரயாணிகளாகிய நாமும் கேட்பதில்லை.

இரக்கத்துக்கு மதிப்பெண் உண்டா?

இவ்விடத்தில் என் விதிகளுக்கு ஒரு சோதனை வந்ததைச் சொல்ல வேண்டும். போருக்குப் பின் வன்னியில் எத்தனையோ குடும்பங்களைப் பெண்களே தாங்குகிறார்கள். அவர்களுள் பலர் சமையலைத் தொழிலாகக் கொண்டனர். வெளியூரிலிருந்து வருபவர்கள் அத்தகைய கடையில் உண்ணும்போது, உணவைச் சுவைக்குமுன்னே கண் கலங்குகிறார்கள். பிறகு, "மிக நன்று" என்று சொல்லி, மிச்சக் காசை வாங்காமல் போகிறார்கள். இது நல்ல மனந்தான். ஆயினும் இதனால் நன்மை விளைகிறதா?

உள்வீதி ஒன்றில் ஒரு பெண்மணி நடத்தும் சிறு கடையில் காலையில் பிட்டு உண்டேன். கத்தரிக்காய்ப் பொரியற் குழம்பு மிக நன்று. பிட்டோ கட்டிபட்டுக் களியாயிருந்தது. காசு கொடுக்கும்போது, "குழம்பு நல்லாயிருக்கு, தங்கச்சி, பிட்டுத்தான் களியாய்ப் போச்சுது" என்றேன். அருகிலிருந்த நண்பர் என்னை ஒரு குற்றவாளியைப் போலப் பார்த்தார். அந்தப் பெண்மணி முகம் வாடவில்லை.

"ஓம் சேர், மா வறுபட்டது காணாது. அவசரத்திலை குழைச்சுப் போட்டன்," என்றார். சற்று நின்று, "நீங்கள் சொன்னதுதான் நல்லது. எல்லாரும் நல்லாயிருக்கெண்டு சொல்லிப்போட்டுப் போவினம், பிறகு வரமாட்டினம்," என்றார்.

ஒரு மாதம் கழித்து அதே கடையில் உண்டேன். பிட்டு மணல் மணலாக உதிர்ந்தது; நீற்றுப்பெட்டியின் ஓலை வாசனையும் அதில் இருந்தது. வாங்குகளில் இடமில்லை, அரச அலுவலகத்தாரும் மேசன்மாரும் பள்ளிப் பிள்ளைகளும் அமர்ந்திருந்தனர். அவர்களில் எவரும் இரக்கப்பட்டு வந்தவரல்லர். பிட்டுக்காக வந்தவர்கள். இரக்கம் ஒரு முறை வரும். ருசி நாள்தோறும் வரும். அடுப்பெரிக்கும் அந்தப் பெண்மணிக்கு வேண்டியது நாள்தோறும் வருபவர். மெய்யான அபிப்பிராயத்தை முகத்துக்கு நேரே, தனியாக, மரியாதையாகச் சொல்வதே அவர் தொழிலுக்கு நாம் செய்யும் கௌரவம் என்று நான் கொள்கிறேன்.

நாவுக்கு அப்பாற்பட்ட ஓர் உணவு

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் இந்த அளவுகோல் பொருந்தாது. மே மாதத்தில், முள்ளிவாய்க்கால் நினைவு நாள்களில், வடக்கின் பல இடங்களில் வீதியோரத்தில் பெரிய பானை வைத்துக் கஞ்சி காய்ச்சி வருவோர் போவோர்க்கெல்லாம் வார்ப்பார்கள். அரிசியும் நீரும் உப்புமே அதில் உண்டு. 2009இன் இறுதி வாரங்களில் அக்கரையில் அடைபட்ட மக்களுக்கு வேறு உணவு இல்லாதபோது உயிரைத் தாங்கியது அந்தக் கஞ்சி. சிரட்டையில் வாங்கி நின்றபடியே குடிக்கிறோம். உப்புக் கூடிற்றா, குறைந்ததா என்று யாரும் பேசுவதில்லை. அது கடையில் விற்பதன்று. அதற்குத் தீர்ப்பும் இல்லை. பிள்ளைகளோடு போகும் பெற்றோர் அங்கே ஒரு மிடறு குடிக்கச் செய்து, ஏன் குடிக்கிறோம் என்பதைச் சொல்லிக்கொடுப்பது நல்லது. உப்புக் கஞ்சியால் உயிர் தாங்கிய நிலத்தில் இன்று அப்பமும் வடையும் பிட்டும் விற்கிறார்கள் என்பதை அறிந்தவன், தட்டில் சோற்றை மிச்சம் விட மாட்டான்.

வழிச்செல்வோர்க்கு

விடுமுறைக்கு வன்னி வழியே போகும் குடும்பத்தினருக்கும் மாணவருக்கும் சில வார்த்தைகள். வவுனியாவில் காலை ஏழு மணிக்குள் தோசையும் வடையும் உண்ணுங்கள். முறிகண்டியில் சூடான கச்சான் வாங்குங்கள். கிளிநொச்சியில் குத்தரிசிச் சோறு உண்டா என்று கேளுங்கள்; இல்லை என்றாலும் அடுத்த முறையும் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு அது சமைக்கப்பட்டிருக்கும். தயிரையும் பசும்பால் தேநீரையும் அவ்வாறே கேளுங்கள். முல்லைத்தீவில் மீன் எப்போது வந்தது என்று விசாரித்துவிட்டு அமருங்கள். உண்ட பின் நன்றானதை உரக்கச் சொல்லுங்கள். குறையைச் சமைத்தவரிடம் மட்டும் மெதுவாகச் சொல்லுங்கள். அதன்பின் அவசியம் மறுபடியும் அந்தக் கடைக்குப் போங்கள்.